துபாய்க்கு நாலரை, சிங்கப்பூருக்கு எட்டரை: பல மொழிப் பிள்ளைகளை ஒரே திரையில் பேசவைப்பது எப்படி?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராம நூலகத்தில் பாலவேதியை (நூலகத்தின் சிறுவர் பிரிவு) நடத்தி வருகிறேன். 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள். சிலர் தமிழ் மீடியம், சிலர் மலையாள மீடியம். இவர்களுடைய மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லாம் துபாய், ரியாத், சிங்கப்பூர், டொராண்டோ என்று பரவிக் கிடக்கிறார்கள். மாதம் ஒருமுறை எல்லோரையும் ஜூமில் கூட்டிப் பேசவைக்க ஆசைப்பட்டு முதல் கூட்டத்தை நடத்தினோம். வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனார்கள். எங்கள் பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நேரமும் பாதிப் பேருக்கு ஒத்துவரவில்லை. எந்த மொழியில் நடத்துவது, எப்போது வைப்பது?

பதில்: பிள்ளைகள் யாரையும் குறை சொல்ல வேண்டாம், அம்மா. முதல் ஐந்து நிமிடம் எந்த மொழியில் ஓடுகிறதோ, அந்த மொழி சரளமாக வருகிறவர்களின் கையில்தான் கூட்டம் போய்விழும். அதனால் அடுத்த முறை நீங்களே வீட்டுத் தமிழில் ஆரம்பியுங்கள். வரவேற்புரை வேண்டாம், மேடைத் தமிழும் வேண்டாம். “எல்லாரும் சாப்ட்டாச்சா? அங்க இப்ப மணி என்ன?” என்று ஒவ்வொரு ஊராகக் கேளுங்கள். துபாய்ப் பையன் “நாலரை” என்பான், சிங்கப்பூர்ப் பெண் “எட்டரை” என்பாள். முதல் இரண்டு நிமிடத்திலேயே எல்லோர் குரலும் ஒருமுறை வெளியே வந்துவிடும். தொடக்கத்தில் ஒரு வார்த்தையாவது பேசிவிட்ட பிள்ளை, பிறகு பேசத் தயங்குவது குறைவு.

மொழிக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: பேசுவது அவரவருக்கு வரும் மொழியில், மொழிபெயர்ப்பது தமிழுக்கு மட்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழியைத் தேடினால் அது இங்கிலீஷில்தான் போய் நிற்கும், உங்கள் பிள்ளைகள் மறுபடி வாய் மூடிக்கொள்வார்கள். உங்கள் குழுவுக்கு இருக்கும் வசதியைப் பாருங்கள். டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேசத்தான் தயக்கம். பாட்டி பேசினால் புரிந்துகொள்வார்கள். கொழிஞ்சாம்பாறையில் மலையாள மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்கும் காதால் கேட்கும் தமிழ் புரியும். ஆக, கேட்பதற்குத் தமிழ் எல்லோருக்கும் போதும். பதில் மட்டும் எந்த மொழியிலும் வரட்டும். டொராண்டோப் பையன் இங்கிலீஷில் சொன்னால் தமிழில் சொல்ல ஒருவர், மலையாளத்தில் ஒரு பிள்ளை சொன்னால் அதைத் தமிழாக்க ஒருவர், அவ்வளவுதான். யாருக்காவது தமிழ் கேட்டும் புரியாது என்றால், சொந்தக்காரப் பிள்ளை ஒருவரைத் துணையாகப் போட்டு, சுருக்கத்தை அவருக்கு மட்டும் தனி வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பவர் உங்கள் ஊர்ப் பிள்ளையாக இருக்கட்டும். பொள்ளாச்சி பஸ்ஸில் தமிழிலும் பாலக்காடு பஸ்ஸில் மலையாளத்திலும் சில்லறை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மொழி மாறுவது பழகிய வேலை. சபையில் வெறும் பார்வையாளராக இருந்தவர்கள், எல்லோரும் காத்திருந்து கேட்கும் இடத்துக்கு வந்துவிடுவார்கள். ஆனால் இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு: நன்றாக மொழிபெயர்க்கிறாள் என்று ஒரே பெண்ணை மாதாமாதம் உட்காரவைத்துவிடாதீர்கள். அடுத்தவர் சொன்னதைச் சொல்லியே அவள் நேரம் போய்விடும், அவளுக்கென்று ஒரு கருத்து இருந்ததை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களே அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு 15 நிமிடம் போதும். மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து இறங்கியதும் முதல் கேள்வி அவளுக்கே: “இவ்வளவு நேரம் எல்லாருக்காகவும் பேசின, இப்ப நீ என்ன நினைக்கிற?”

இங்கிலீஷில் சரளமாகப் பேசுகிற பிள்ளையை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அவன் பனிக்காலத்தில் ஏரி உறைவதைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருப்பான். மூன்று வாக்கியம் ஆனதும், “தம்பி, அங்கயே ஒரு நிமிஷம் நில்லு, இத நம்ம அக்கா சொல்லட்டும்” என்று அன்பாகக் கை காட்டுங்கள். அக்கா சொல்லி முடித்ததும், “அப்புறம்?” என்று அவனிடமே திரும்புங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தால் மூன்றாவது முறை அவனே மூன்று வாக்கியத்தில் நின்று பார்ப்பான். நிறுத்தாமல் விட்டால் நான்கு நிமிடப் பேச்சு, “ஏரி உறையுமாம்” என்ற ஒற்றை வரியாகத்தான் வந்துசேரும். சொன்னவனுக்கும் ஏமாற்றம், கேட்டவர்களுக்கும் ஒன்றும் கிடைக்காது.

கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி பேசாமல் இருங்கள். நெட்வொர்க் தாமதம் ஒரு பக்கம், மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்துப் பார்க்கும் நேரம் ஒரு பக்கம். அந்த இடைவெளியில் நீங்களே பதில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதற்கே பழகிவிடுவார்கள். சாட்டில் எழுதச் சொல்வதையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். ஒருவர் தமிழ் எழுத்தில், ஒருவர் மலையாள எழுத்தில், இன்னொருவர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பார், யாராவது ஒருவருக்குப் படிக்கவே தெரியாது. குரல்தான் எல்லோருக்கும் பொது.

பேசு பொருள் கையில் பிடித்துக் காட்டக்கூடியதாக இருந்தால் மொழி பாதி வேலைதான் செய்ய வேண்டும். உங்கள் ஊர்ப் பிள்ளை ஒரு நுங்கைச் சீவிக் காட்டட்டும், ரியாத் பிள்ளை வீட்டு ஜன்னலுக்கு வெளியே கேமராவைத் திருப்பட்டும். கொஞ்சம் பழகிய பிறகு ஆளியாற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசலாம். தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துக்கு வர வேண்டும் என்பதையும், அது தாமதமானால் வயலில் என்ன ஆகும் என்பதையும் உங்கள் பிள்ளைகள் அப்பாவிடம் கேட்டு வந்து சொன்னால், அதை டொராண்டோவில் யாராலும் சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொல்கிறவர்களுக்குக் குரல் தானாக உயரும்.

இனி நேரம். கிழமை சனிதான். அமீரகம் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது, ஆனால் சவுதியில் இன்னும் வெள்ளி, சனிதான். ஞாயிறு வைத்தால் ரியாத் பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்த களைப்பில் இருக்கும். சனி மாலை நமக்கு 6 மணி என்றால் துபாயில் 4.30, ரியாத்தில் 3.30, சிங்கப்பூரில் இரவு 8.30. டொராண்டோவில் கோடையில் காலை 8.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நமக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அந்த வழக்கம் இல்லை. அந்த இரண்டு மாதத்திலும் டொராண்டோ வீட்டுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அழைப்பில் “இந்திய நேரம்” என்று மட்டும் போட்டுவிடாமல் ஐந்து ஊரின் நேரத்தையும் கிழமையோடு எழுதுங்கள். கணக்குப் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் ஒருவராவது தவறவிடுவார்.

டொராண்டோவில் சனி காலை 7 மணிக்குத் தூங்குகிற வயதுப் பிள்ளையை எழுப்புவது சிரமம்தான். அதனால் குளிர்காலத்தில் ஒரு மாதத்தை மட்டும் நம்முடைய சனி காலை 7.30-க்கு மாற்றுங்கள். டொராண்டோவுக்கு அது வெள்ளி இரவு 9 மணி (அழைப்பில் வெள்ளி என்றே எழுத வேண்டும்), சிங்கப்பூருக்குக் காலை 10. துபாய்க்கு விடியற்காலை 6, ரியாத்துக்கு 5. வளைகுடாப் பிள்ளைகள் அன்று வராவிட்டால் பரவாயில்லை. எல்லோரும் எல்லா மாதமும் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் குழு நிலைக்காது.

ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும். மொழிபெயர்த்துப் பேசினால் அது 20 நிமிடப் பேச்சுதான். 40 நிமிடம், பத்து நிமிட இடைவெளி, மறுபடி 40 என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பாதியை நான்கு நான்கு பேராகச் சிறு அறைகளில் (ஜூமில் ‘பிரேக்அவுட் ரூம்’) விடுங்கள். உங்கள் பிள்ளைகள் மனம் திறப்பது அங்கேதான். கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம். வீடியோவோடு ஒரு மணி நேரம் என்றால் ஒரு ஜிபி வரை போகும், அப்பாவின் போனில் சனி மாலைக்குள் அன்றைய டேட்டா பாதி தீர்ந்திருக்கும். முடிந்தால் நூலகத்திலேயே ஒரு கணினி முன்னால் உங்கள் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவையுங்கள். பக்கத்தில் தோழி இருந்தால் தைரியமும் கூடவே வரும்.

ஜூம் தடைபட்டால் வாட்ஸ்அப் அழைப்புக்கு மாறலாம் என்று நினைக்காதீர்கள். அமீரகத்தில் அந்த அழைப்பு வேலை செய்யாது. துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் மாலை இடியோடு கரண்ட் போகும் என்பதால், கூட்டத்தைத் திறக்கும் கணக்கு சிங்கப்பூரில் ஒரு பெரியவருடையதாக இருப்பது நல்லது. நீங்கள் துண்டிக்கப்பட்டாலும் பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோரும் 18 வயதுக்குக் கீழே. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவர்களைக் குழந்தைகளாகத்தான் கணக்கில் எடுக்கிறது, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். பதிவு செய்ய வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட்டை முகநூலில் போட வேண்டாம். காத்திருப்பு அறையைப் போட்டு, பெயர் தெரிந்தவரை மட்டும் உள்ளே விடுங்கள். ஜூமில் பிள்ளைகளுக்குள் தனிச் செய்தி அனுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். சிறு அறைகளுக்குள் இரண்டு பெரியவர்கள் சேர்ந்தே போய் வர வேண்டும். ஒருவராகத் தனியே போவது யாராக இருந்தாலும் கூடாது.