பில்டர் போடச் சொன்னது யார்?

கேள்வி: மகளுக்கு 15 வயது. அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. எந்நேரமும் இன்ஸ்டகிராம்தான். படம் போட்டு லைக் விழாவிட்டால் அழித்துவிட்டு, அறைக்குள் போய் அழுகிறாள். இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். முந்தி இப்படி இல்லை. பிறந்தநாள் படத்தைக் கனடா மாமிக்கு அனுப்பும்போது, "கறுப்பாத் தெரியுது, பில்டர் போட்டு அனுப்பு" என்று நான் சொன்னால் சிரித்துக்கொண்டே செய்வாள். இப்போது எதைச் சொன்னாலும் சீறுகிறாள். போனைப் பறித்துவிடவா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, போனைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பிறந்தநாள் படம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. மாமி என்றால் தகப்பனின் சகோதரி என்றே எடுத்துக்கொள்கிறேன். அவவுக்குப் பிள்ளையின் நிறம் தெரியாதா? அது அவர்கள் வீட்டு நிறமாகக்கூட இருக்கும். அவவிடம் எதை மறைக்கப் பில்டர்? இரத்த உறவுக்குக்கூட இந்த முகத்தைத் திருத்தித்தான் காட்டவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். சிரித்துக்கொண்டே செய்தாளாம். தாய் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பிள்ளை வேறு என்ன செய்வாள்?

2021இல் பிரான்சிஸ் ஹோகன் என்ற பெண், தான் வேலை பார்த்த பேஸ்புக் கம்பனியின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். இன்ஸ்டகிராமும் அந்தக் கம்பனியுடையதுதான். கம்பனியே செய்த ஆய்வும் அதில் இருந்தது. தங்கள் உடம்பைப் பற்றி மனம் சோர்ந்திருக்கும்போது இன்ஸ்டகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று பதின்ம வயதுப் பெண்களில் 32 வீதமானோர் சொல்லியிருந்தார்கள். இதைக் காட்டி எல்லாரும் இன்ஸ்டகிராமைத் திட்டுகிறார்கள். திட்டட்டும், அதற்குத் தகும். ஆனால் இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். சோர்வு முதலே இருக்கிறது. இன்ஸ்டகிராம் அதைக் கிளறுகிறது. அந்தச் சோர்வு எங்கிருந்து வந்தது? கலியாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று போடுகிற சனம் நாங்கள். 2025 டிசம்பரிலிருந்து அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் இன்ஸ்டகிராம் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. நாளைக்கு இங்கேயும் அப்படி ஒன்று வந்தாலும் உங்கள் வாயை அது என்ன செய்யும்?

வெளியே ஆயிரம் பேர் அவள் முகத்துக்குப் புள்ளி போடுவார்கள். வீட்டிலாவது யாரும் போடக்கூடாது. ரியூஷன் காசு கட்டுவதைவிடப் பெரிய கடமை இது என்று நினைக்கிறவள் நான். (தகப்பன் உங்கள் கடிதத்தில் ஒரு வரியிலும் இல்லை. அவரையும் இதை வாசிக்கச் சொல்லுங்கள்.)

மகளிடம் போய், "நான் அப்படிச் சொன்னது பிழை" என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால் 'ஆனால்' போடாதீர்கள். அடுத்த தரம் வீடியோ கோலில் மாமி, "என்ன கறுத்துப்போனாய்?" என்று தொடங்கினால், பிள்ளை கேட்க அவவை நிறுத்துங்கள். மச்சாளின் மனம் நோகுமென்றால், நோகட்டும்.

சாப்பாட்டை விட்டதும் அழுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கிழமையே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். கோயிலில் நேர்த்தி வைப்பதை நான் தடுக்கவில்லை, அதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். அங்கொடைப் பக்கத்து ஆசுபத்திரி என்று முகம் சுளிக்கவேண்டாம். தொடர்மாடியில் மற்றவர்கள் என்ன கதைப்பார்கள் என்றும் யோசிக்கவேண்டாம். சாவதைப் பற்றி அவள் ஒரு சொல் சொன்னாலும் அன்றைக்கே போகவேண்டும்.

சரி, போன். பறிக்காதீர்கள். பறித்தால் கூட்டாளியின் போனில் பார்ப்பாள், உங்களுக்கு அதுவும் தெரியவராது. இரவு பத்து மணியானால் வீட்டிலுள்ள எல்லாப் போனும் குசினியில் சார்ஜில் கிடக்கட்டும். எல்லாப் போனும் என்றால் உங்களுடையதும்தான். கனடாவில் அப்போதுதானே பகல், மாமி எடுப்பாவே என்பீர்கள். சனிக்கிழமை காலையில் எடுக்கச் சொல்லுங்கள்.