ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவருக்கு ராத்திரியில் லேசான காய்ச்சல் வந்தால் காலைவரை பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு இப்பவே கிளம்புங்கள். மீதியை வண்டியில் உட்கார்ந்து படிக்கலாம்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். தம்பிக்கு ஏ.எம்.எல். என்ற வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் இரண்டாம் சுற்றுக் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாம் நாள் ராத்திரி, "அக்கா, மேல் சுடுது" என்றான். தெர்மாமீட்டரில் 100.6. வெளியே அடைமழை. "விடியட்டும் மக்கா, இந்த மழையில எங்க போவ" என்று அம்மா பாரசிட்டமால் கொடுத்தார். நானும் தடுக்கவில்லை. சூடு இறங்கியதும் எல்லோரும் படுத்துவிட்டோம். நாலு மணிக்குக் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். ஆஸ்பத்திரியில் ஏற்றும்போது பிரஷர் 70. ஐந்து நாள் ஐசியு.

கீமோவில் நியூட்ரோபில் என்ற வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போய்விட்டால், கிருமி ரத்தத்தில் கலந்தாலும் சீழ் கட்டாது, வீக்கம் வராது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் நாங்கள் மாத்திரையால் மறைத்துவிட்டோம்.

பிளட் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வந்தது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. தொற்று வந்துவிடக் கூடாதென்று, அவனைப் பார்க்க வந்த மாமாவைக்கூட முற்றத்திலேயே நிறுத்திப் பேசி அனுப்பியவர்கள் நாங்கள். "வெளியிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை, அவன் குடலிலேயே இருந்த கிருமியாக இருக்கும்" என்றார் டாக்டர். கீமோ வாய், குடலின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. அங்கே சும்மா இருந்த கிருமி அந்த வழியாக ரத்தத்துக்குப் போய்விடுகிறது. சுத்தம் அவசியம்தான். ஆனால் சுத்தமாக இருந்தோமே என்று காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது. எனிமா, ஆசனவாயில் தெர்மாமீட்டர், இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு தடவை 101 காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ அவசரம்தான். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏறியாக வேண்டும். அதற்கு முன்னால் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கணும். பிக் லைன் (மருந்து ஏற்றக் கை நரம்பு வழியாகப் போட்டுவைக்கும் நீண்ட மெல்லிய குழாய்) இருந்தால் அதிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக. லைன் ரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் லைன்தான் மூலம் என்று சந்தேகிப்பார்கள்.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 65 கிலோமீட்டருக்கு மேல். மார்த்தாண்டம் நெரிசல் தெரியும்தானே. முதல் டோஸை ஊர்ப்பக்கமே எங்கே போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, கீமோ மருந்தின் பெயர், போட்ட தேதி, கடைசியாக எடுத்த ரத்த அணு எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்கி வையுங்கள். எங்களிடம் அந்தத் தாள் இல்லை. ராத்திரி டியூட்டி டாக்டருக்கு விளக்கவே அரை மணி நேரம் போயிற்று.

லைனில் சலைன் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தால், லைனிலேயே கிருமி இருக்கலாம்; காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.