ஏலக்காய் எண்ணெயைக் குழந்தைக்குத் தடவலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. சளி, மூக்கடைப்பு. ஏலக்காய் எண்ணெய் நெஞ்சுச் சளியைக் கரைக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். குமுளி போனபோது வாங்கிய எண்ணெயை மூக்குக்குக் கீழேயும் நெஞ்சிலும் தடவினேன். உடனே இருமி, ஒரு கணம் மூச்சுவிடாமல் இருந்தான். நான்கு நாள் ஆகிறது, இப்போது நன்றாக விளையாடுகிறான். இந்த எண்ணெயைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் கொடுக்கலாமா? 11-வது மாதத்தில் காய்ச்சலோடு ஒருமுறை ஃபிட்ஸ் வந்தது. நான் தினமும் ஏலக்காய் டீ குடிக்கிறேன், தாய்ப்பால் சூடாகுமா? ஏலக்காய் சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று கணவர் பயப்படுகிறார், உண்மையா?
— ஒரு வாசகி, தேனி

பதில்: ஃபிட்ஸ் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. எண்ணெயால் வலிப்பு வருவதாக இருந்திருந்தால் அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் வந்திருக்கும். நான்கு நாள் கழித்து வராது. பையன் சாப்பிட்டு விளையாடுகிறான் என்றால் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். ஸ்கேன், ஈ.ஈ.ஜி. என்று எங்கேயும் அலைய வேண்டாம்.

ஆனால் அந்தக் குப்பி இனி அவன் பக்கமே போகக் கூடாது. தண்ணீரில் ஒரு சொட்டு என்ற யோசனையும் வேண்டவே வேண்டாம்.

ஏலக்காயை உடைத்ததும் முதலில் மூக்கில் ஏறுகிறதே ஒரு குளிர்ச்சி, அதற்குக் காரணம் சினியோல் என்ற வேதிப்பொருள். பின்னால் வருகிற இனிப்பு மணம் டெர்பினைல் அசிடேட். ஏலக்காய் எண்ணெயில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். சினியோல்தான் நீலகிரித் தைலத்திலும் முக்கியமான சரக்கு. பெரியவர்கள் முகர்ந்தால் மூக்கு திறந்துகொண்டதுபோல இருக்கும். உண்மையில் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது, குளிர்ச்சியால் அப்படித் தோன்றுகிறது. சின்னக் குழந்தையின் மூக்கு நரம்பில் அதே குளிர்ச்சி பட்டால் குரல்வளை இறுகி மூச்சு நின்றுவிடலாம். உங்கள் பையன் ஒரு கணம் மூச்சுவிடாமல் இருந்தது பெரும்பாலும் இதனால்தான். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நீலகிரித் தைலத்தை 30 மாதத்துக்குக் கீழான குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்கிறது. வலிப்பு வந்த குழந்தைக்கு, அது காய்ச்சலோடு வந்ததாக இருந்தாலும் சரி, கூடாது. உங்கள் மகன் இரண்டிலும் வருகிறான். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கிற வழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வலிப்பைத் தூண்டுவதில் கற்பூரம் இதைவிட மோசம்.

பாட்டி காலத்து வைத்தியம்தானே என்று கேட்பீர்கள். இல்லை. பாட்டி கொடுத்தது காய். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை மெல்லுவது, தாம்பூலத்தில் வைப்பது, சுக்கோடு தட்டிப்போட்டுக் கொதிக்க வைப்பது, சித்த வைத்தியர் தரும் ஏலாதி சூரணம், எல்லாமே காயிலிருந்து வந்தவை. அரசு ஆஸ்பத்திரியில் வயிற்று உப்புசத்துக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு மிக்சர் ஊற்றித் தருவார்களே, அதிலும் ஏலக்காய் டிங்க்சர் உண்டு. குமட்டலுக்கும் வாயுவுக்கும் காய் நல்லதுதான், நானே சொல்வேன். எண்ணெய் வேறு விஷயம். விதையை நீராவியில் வடித்து எடுக்கிற அதன் ஒரு சொட்டு கிட்டத்தட்ட ஐந்து காய்க்குச் சமம். ஒரு டீஸ்பூன் என்றால் ஏறக்குறைய நூறு கிராம் ஏலக்காய். அதை ஒரு குழந்தைக்கு யாராவது கொடுப்பார்களா? வீடியோவில் பேசியவருக்கு உங்கள் பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்தது தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இப்போது நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு அறிகுறி. பையன் நடக்கிற வயது. மேஜையில் இருக்கிற குப்பி ஒருநாள் வாய்க்குப் போகும். முதலில் இருமுவான், அழுவான், வாந்தி எடுக்கலாம். அப்புறம் அசந்து தூங்குவான். அந்தத் தூக்கத்தைத்தான் வீட்டில் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "அழுது களைச்சுட்டான், தூங்கட்டும்" என்று போர்த்திவிடுகிறார்கள். நீலகிரித் தைலம் குடித்த குழந்தைகளை அப்படித் தூங்கவிட்டு, தட்டினாலும் கண் திறக்காத நிலையில் தூக்கிக்கொண்டு வந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் உள்ளே போன குழந்தை வழக்கமில்லாத நேரத்தில் தூங்கி வழிந்தாலோ, கை கால் துவண்டாலோ, ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த எண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அது இன்னும் ஆபத்து. குப்பியைக் கையோடு கொண்டு போங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வரலாம். அதற்கும் இந்த எண்ணெய்க்கும் முடிச்சுப் போடாதீர்கள். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு வயதுக்குள் இது தானாக நின்றுவிடும்.

டீயில் போடும் ஏலக்காயால் தாய்ப்பால் சூடாகாது, தாராளமாகக் குடியுங்கள். கணவரின் பயத்துக்கும் ஆதாரம் இல்லை. பாயசத்தில் போடுகிற ஏலக்காயால் யாருக்கும் எதுவும் குறையாது.

மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்கும் தூங்க வைப்பதற்கும் முன்னால் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விடுங்கள். தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 40-ஐத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.