ரேகை விழுகலைங்க

வாசகர் கடிதம்:

அண்ணா வணக்கம்ங்க. சொந்த ஊர் கோபி பக்கம், இப்ப சரவணம்பட்டில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் வேலை. போன வாரம் எங்க பெரியப்பாவுக்கு ரேஷன் கடைல ரேகை விழுகலைன்னு மூணாவது தடவையா திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. அதை நாலு வரி எழுதி பேஸ்புக்ல போட்டேனுங்க, அவ்ளோதான். கூடப் படிச்சவன் ஒருத்தன் "கள்ளக் கார்டை ஒழிக்க வந்த டெக்னாலஜி, உங்கள மாதிரி ஆளுகளுக்குத்தான் அது ஆகாது"ன்னு சண்டைக்கு வர்றான். எங்க மாமா ஒருத்தர் "ரேகை வாங்கறதே பின்னாடி நம்ம காடு தோட்டத்தை எழுதி வாங்கத்தான்"னு அடிச்சு சொல்றார். ரெண்டு பேருமே எனக்கு வேண்டியவங்க. பக் (தப்பு) இல்லாத சிஸ்டம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும், அது என்ற பொழப்பே. ஆனா கவர்மென்ட் எதைக் கொண்டு வந்தாலும் சந்தேகப்படறது நம்ம சனங்களோட அறியாமைதானேன்னும் தோணுது. நம்பறதா வேண்டாமாங்ணா? பேர் போட வேண்டாம், மாமா படிப்பார்.

பதில்:

தம்பி, வணக்கம்ங்க.

உங்க பெரியப்பா கதைய படிச்சதும் எனக்கு எங்கம்மா ஞாபகந்தான் வந்துச்சு. 2020 அக்டோபர்ல நம்ம ஸ்டேட்டு கடைகள்ல ரேகை மெஷின் வந்துச்சில்லீங்க, அதுக்கு அடுத்த மாசமோ என்னமோ, பருப்பு பாமாயில் போடறாங்கன்னு அம்மாவ வண்டில வெச்சு கூட்டிட்டுப் போனேன். வலது கட்டை விரல வெச்சாங்க, விழுகலை. சீலை முந்தானைல தொடச்சுட்டு வெச்சாங்க, அப்பவும் விழுகலை. வரிசைல நின்ன ஒரு அக்கா "தலைல தேய்ச்சுட்டு வைங்க ஆத்தா, எண்ணெப் பசை இருந்தா விழும்"னாங்க, அதையும் செஞ்சாச்சு. இப்படியே ஒவ்வொண்ணா பத்து விரலும் முடிஞ்சு போச்சு. கடைக்காரர் எங்களுக்கு தூரத்து ஒறம்பரை, எங்கம்மா கையால சோறு தின்னவர்தான், தலைய சொறிஞ்சுக்கிட்டே சொல்றார், "எனக்கு உங்களத் தெரியுதுங்க பெரியம்மா, அதுக்குத் தெரியோணுமே." அம்மா விடுவாங்களா, "அப்பறம் உனக்கு எதுக்குடா சம்பளம்?"னு கேட்டாங்க. வரிசையே சிரிச்சுது, நானுந்தான் சிரிச்சேன்.

பத்து வயசுல இருந்து மாட்டு மடியப் புடிச்ச கைங்க அது. மஞ்சள் வேவிச்சது, சுண்ணாம்பு கலக்குனது, களைக்கொத்து புடிச்சதுன்னு அந்த விரல்ல மேடு எது பள்ளம் எதுன்னு எதுவுமே பாக்கி இல்ல, வயசானா தோலும் காஞ்சு போயிருது. ஆபீஸ்ல கீபோர்டு தட்டற என்ற விரலு ஒரே தடவைல விழுந்துருது. இதுல கூத்து என்னன்னா அந்த அரிசி இல்லாட்டியும் என்ற வீட்டு ஒலை கொதிக்கும். ரேகை விழுகாத கையும் அரிசி வேணும்ங்கற கையும் பெரும்பாலும் ஒரே கையா இருக்குதுங்க. 2018 மார்ச்சுல ஆதார் ஆணையத் தலைமை அதிகாரியே சுப்ரீம் கோர்ட்டுல ஸ்லைடு போட்டு விளக்கினப்ப, கவர்மென்ட் சேவைகளுக்கு ஆதார் சரிபார்ப்பு 88 சதவீதம் ஜெயிக்குதுன்னார். மீதி 12க்கு வேற வழி வெச்சிருக்கோம், ரேகை விழுகலைன்னா சேவை கிடையாதுன்னு அர்த்தமில்லன்னும் சொன்னாங்க. 88 பரீட்சைல நல்ல மார்க்குதான், ஆனா எட்டுல ஒண்ணு அவுட்டுன்னா உங்க கம்பெனில அந்த சாஃப்ட்வேரை ரிலீஸ் பண்ண விடுவீங்களா? அந்த வேற வழியும் டெல்லில பேப்பர்ல இருந்து என்ன பிரயோஜனம், எங்க கடைக்காரர் வாய்ல வந்தாத்தானே எங்கம்மாவுக்கு அது வழி.

சரி, அறியாமைன்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு வர்றேன்.

நம்ம பக்கம் கிணத்து மோட்டாருக்கு மீட்டர் வைக்கறோம்னு எவன் வந்து சொன்னாலும் காட்டுக்காரங்க கடப்பாறைய எடுக்காத குறைதான். "சும்மா கணக்கெடுக்கத்தாங்க, பில்லு வராது"ன்னு எத்தனை தடவ சொன்னாலும் கேக்கறதில்ல. படிச்ச பசங்க நாம இதைப் பாத்து, ரீடிங் எடுத்தா நல்லதுதானே, எவ்ளோ கரண்டு போகுதுன்னு தெரியுமேன்னு நினைக்கறோம். ஆனா 1970 ஜூன்ல, யூனிட்டுக்கு ஒரே ஒரு பைசா ஏத்தினதுக்காக நடந்த போராட்டத்துல பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டு மூணு விவசாயிக செத்தாங்க. இன்னிக்கும் அங்க நினைவுத்தூண் இருக்கு, திருப்பூர்ல இருந்து கோபி போற வழிலதான். 1972ல விவசாய சங்கத் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமைல கோயமுத்தூருக்குள்ள மாட்டு வண்டிகளக் கொண்டாந்து நிறுத்தி ஊரையே ஸ்தம்பிக்க வெச்சாங்க, அப்பறம் எத்தனையோ போராட்டம், 1990லதான் எல்லா விவசாயிகளுக்கும் இலவச கரண்டு வந்துச்சு. எங்கப்பாரு மாட்டு வண்டில போனவர், அந்த வண்டி நுகத்தடி இன்னும் எங்க சாளைல தொங்குது. அப்படிப்பட்ட வீட்டுக்கு முன்னாடி ஒருத்தன் பொட்டிய தூக்கிட்டு வந்து "இது வெறும் மீட்டருங்க"ன்னா, இவங்க பொட்டியவா பாப்பாங்க, பொட்டிக்குப் பின்னாடி பில்லு வருதான்னுதான் பாப்பாங்க. இதை எப்படிங்க அறியாமைங்கறது, இது ஞாபகம். மீட்டர் வேண்டாம்ங்கறது சரியான்னு கேட்டா அது வேற நாயம், தண்ணி கீழ போயிட்டே இருக்கு, ஆயிரம் அடி போர் ஓட்டியும் புகைதான் வருது, அதையும் பேசித்தான் ஆகோணும்.

ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி கதை உங்க வயசுக்குத் தெரியுமான்னு தெரியல. 1996 சட்டசபைத் தேர்தல்ல விவசாயிகளோட கோரிக்கைய யாருமே கண்டுக்கலைங்கற கோவத்துல அந்த ஒரே தொகுதில 1033 பேர் நின்னாங்க. தேர்தலையே ஒரு மாசம் தள்ளி வெச்சு, வாக்குச்சீட்டை புஸ்தகம் மாதிரி தெச்சுக் குடுத்தாங்க. கல்லெறியல, பஸ்ஸைக் கொளுத்தல, சட்டத்துல இருக்கற வழியிலயே போயி சட்டத்துக்கு மூச்சு வாங்க வெச்சாங்க, எனக்கு இன்னிக்கும் அதுல ஒரு பெருமைதாங்க. அதுக்கு கெடச்ச பதில் என்ன தெரியுமா, அந்த வருசமே டெபாசிட்டு 250 ரூவால இருந்து 5000 ஆச்சு, சுயேச்சைன்னா பத்து பேர் முன்மொழியோணும்னு ஆச்சு. அவங்க கேட்டது பாசனத்துக்கு ஒரு வழி, நடந்தது என்னன்னா கேக்கற வாசலை சின்னதாக்கிட்டாங்க. அம்மா ரேகைக்கு நானும் ஆன்லைன்ல ஒரு புகார் போட்டேன், இருவது நாள் கழிச்சு "தங்கள் மனு மீது தீர்வு காணப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு, ஒரு ஆளும் வரல, ஒரு போனும் வரல, அடுத்த மாசமும் ரேகை விழுகலை. உங்க பாசைல சொன்னா பக்கை சரி பண்ணாம புகார் டிக்கெட்டை குளோஸ் பண்ணியிருக்காங்க.

இவ்ளோ பேசற நானே ஒரு கேவலம் பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிர்றேன். 2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து அதுக்கு மறுநாள் இறந்துட்டார். ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டருக அப்பவே சொன்னாங்க, மத்திய அரசு கமிட்டியும் பின்னாடி அதையேதான் சொல்லுச்சு. ஆனா எங்க சொந்தக்காரங்க குரூப்ல வந்த ஒரு ஆடியோவ கேட்டுப்போட்டு நான் அம்மாவுக்கு ஊசிய தள்ளிப் போட்டேன், அந்த ஆடியோவ ஏழெட்டு பேருக்கு அனுப்பியும் வெச்சேன். மே கடைசில தினசரி கேசுல சென்னையவே தாண்டி கோயமுத்தூர் மேல போன நாளுகள்ல ராத்திரி தூங்காம அம்மா மூச்சு சத்தத்தை கேட்டுட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் ஆகல, ஜூலைல போட்டாச்சு. ஆனா அந்த ஏழெட்டு பேர்ல யாரு எத்தனை நாள் தள்ளிப் போட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல, கேக்க தைரியமில்ல. அதனால உங்க மாமாவ நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா ரேகை வெச்சதால காடு போயிருச்சுன்னா எந்தக் காடு, எந்த சர்வே நம்பர், எந்த பத்திரம்னு மட்டும் கேளுங்க, பத்திரத்துல வில்லங்கம் பாக்கறதுல நம்மாளுகள மிஞ்ச ஆளு கிடையாது, அவருக்கே புரிஞ்சிரும்.

அப்பறம் 2023 ஜூன்ல, ஊசிக்குப் பேர் பதிஞ்ச கோவின் தளத்துத் தகவல் டெலிகிராம்ல வெளிய வந்துச்சு பாருங்க, போன் நம்பர் போட்டா பேரு, அடையாள அட்டை நம்பரு, ஊசி போட்ட இடம் எல்லாம் வருது. உடனே ஊசி போடாதவங்க எல்லாம் "பாத்தீங்களா நாங்க அப்பவே சொன்னோம்"னு கிளம்பிட்டாங்க. ஊசி நல்ல ஊசி, தகவல் வெச்ச பொட்டிக்குப் பூட்டு சரியில்ல, இது ரெண்டும் ரெண்டு விசயம்ங்க. ரெண்டையும் ஒரே கோணிப்பைல கட்டி ஒருத்தர் தலைல ஒருத்தர் தூக்கி வைக்கறதுதான் இப்ப சண்டையா நடக்குது. 2020ல, விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் போடற பிஎம் கிசான்ல நம்ம ஸ்டேட்டுல 5 லட்சத்துக்கு மேல தகுதியில்லாத ஆளுக சேந்து, 110 கோடி போச்சே, அதுல கம்ப்யூட்டர் மேல என்ன தப்பு? ஆபீசருக்குன்னு குடுத்த பாஸ்வேர்டு வெளியாளுக கைல இருந்துச்சு, மெஷின் சொன்னபடி கேட்டுச்சு, அவ்ளோதான்.

உங்க கேள்விக்கு எனக்கு பதில் கெடச்சது எங்க ஊர் பால் சொசைட்டிலங்க. முன்னாடி லாக்டோமீட்டரை முக்கி பாத்துட்டு நோட்டுல எழுதுவாங்க. அப்பறம் மெஷின் வந்துச்சு, ஒரு டம்ளர் பாலை வெச்சா ஃபேட்டு (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மீதி சத்து) ரெண்டும் ஸ்கிரீன்ல வரும், அதை வெச்சுத்தான் காசு. வந்த வாரத்துலயே எல்லாத்துக்கும் ரூவா கொறஞ்சுது, ஒரே சத்தம். ஒருத்தர் என்ன பண்ணார்னா, காலைல ஒரே எருமைல கறந்த பாலை ரெண்டு கேன்ல ஊத்தி, ஒண்ணை தன் பேர்லயும் இன்னொண்ணை மச்சான் பேர்லயும் ஊத்தினார். ரெண்டு ரீடிங்கும் வேற வேற! அஞ்சரை மணி இருட்டுல ஒரு பஞ்சாயத்தே கூடிருச்சு. செக்ரட்டரி கோவப்படல. கேனை வாங்கி கரண்டியப் போட்டு நல்லா கலக்கினார், "கலக்காம பிரிச்சு ஊத்துனா மேல மிதக்கற கொழுப்பு ஒரு கேனுக்குள்ளயே போயிரும்ங்க"ன்னுட்டு மறுபடி வெச்சார், வித்தியாசம் பாதியாச்சு. அப்பறம் மெஷினை வெந்நி விட்டு அலசினார், உள்ள நேத்துப் பாலு காஞ்சு ஒட்டியிருந்திருக்கு. மூணாவது தடவ வெச்சா ரெண்டும் ஒண்ணு. தப்பு இவர் பக்கமும் இருந்துச்சு, மெஷின் பக்கமும் இருந்துச்சு. அதுக்கப்பறம் தினமும் எல்லாத்துக்கும் சீட்டு வருது, யாருக்கு சந்தேகம்னாலும் அங்கயே இன்னொருக்கா வைக்கறாங்க. இப்ப யாரும் இன்னொருக்கா வைக்கச் சொல்றதும் இல்ல. அந்த செக்ரட்டரி நல்லவரான்னு எனக்குத் தெரியாது, ஆனா சாயந்தரம் அதே டீக்கடைக்குத்தான் வந்தாகோணும், அவருக்கு வேற ஊர் கிடையாது.

அந்தியூர் குருநாதசாமி சந்தைல மாடு வாங்கறப்ப வித்தவன் மூஞ்சியப் பாத்து நம்பறதா வேண்டாமான்னு யாராச்சும் கேக்கறாங்களா? பல்லைப் பாக்கறோம், சுழி பாக்கறோம், நடக்க விட்டு பாக்கறோம், வித்தவனும் கோவிச்சுக்கறதில்ல. ரேஷன் கடை தராசுல வருசா வருசம் முத்திரை வைக்கோணும்னு சட்டம் இருக்கு, முத்திரையப் பாத்துக்கலாம், எடைக்கல்லை வெச்சும் பாத்துக்கலாம். ரேகை மெஷினுக்கும் எங்கயோ சர்டிபிகேட் இருக்கும், ஆனா போன மாசம் இந்தக் கடைல எத்தனை பேருக்கு விழுகலை, அதுல எத்தனை பேர் வெறுங்கையோட போனாங்கன்னு கடை வாசல்ல ஒரு அட்டைல எழுதி வெச்சிருக்கறதை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாக்கல. அந்த அட்டை தொங்கட்டும், உங்க ஃபிரண்டு பக்கம் நானே வந்து நின்னு மெஷினுக்கு வக்காலத்து வாங்கறேன்.

பெரியப்பாவுக்கு இப்ப செய்ய வேண்டியது: கார்டுல இருக்கற வேற யாரு ரேகை வெச்சாலும் பொருள் குடுப்பாங்க, ஆள் இருந்தா அவங்களக் கூட்டிட்டுப் போங்க. கருவிழி பாக்கற மெஷின் வந்திருக்கற கடைன்னா அதைக் கேளுங்க. தனியா இருக்கறவர்னா அங்கீகாரச் சான்றுக்கு ஃபாரம் இருக்கு, அவருக்குப் பதிலா வாங்கற ஆளை எழுதிக் குடுத்தாப் போதும். ஆதார் மையத்துல ரேகைய புதுப்பிச்சும் பாருங்க, சில பேருக்கு அப்பறம் விழுகுது. இதையெல்லாம் உங்க பேஸ்புக்லயும் போடுங்க, சண்டைக்கு வந்த ரெண்டு பேர் வீட்லயும் ஒரு வயசானவங்க இருப்பாங்க.

அம்மாவுக்கு இப்ப 74. போன வருசம் ஆகஸ்ட்டுல, 2025ல, தாயுமானவர் திட்டம் வந்துச்சில்லீங்க, ஆரம்பிச்சப்ப 70க்கு மேல ஆனவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வர்றது, அதுல வண்டி எங்க வீட்டுக்கும் வருது. அதே மெஷின், அதே ஒறம்பரைக்காரர். திண்ணைல உக்காந்தபடியே அம்மா வரிசையா விரலை நீட்டறாங்க, மோதிர விரல்ல எப்பவாச்சும் விழுகுது, விழுகாட்டி நோட்டுல கையெழுத்து வாங்கிக்கறார். அரிசிய தராசுல வெச்சதும் அம்மா எந்திரிச்சு வந்து, "எடுடா மூட்டைய, வெறும் தட்டுல சைபரு வருதா பாக்கறேன்"ங்கறாங்க. எடுக்கறார், சைபர் வருது, மறுபடி வைக்கறார். அதுக்கப்பறந்தான் அவருக்கு மோரு.