வலிக்காது என்று சொல்லாதீர்கள்

வணக்கம் ஐயா. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மருத்துவ அறம் பற்றிப் பேச வேண்டும். நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, தன்னுரிமை, நீதி என்ற நான்கையும் படம் போட்டு விளக்கலாமா? பெரியம்மைத் தடுப்பூசிக்கு வழிகாட்டிய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் கதையைச் சொன்னால் பயந்துவிடுவார்களா?
— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

படம் போடுவது உங்கள் விருப்பம். அந்த நான்கையும் மனப்பாடம் செய்யவைத்துத் தேர்வு மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ஜென்னரைக் கட்டாயம் சொல்லுங்கள். 1796இல் தன் தோட்டக்காரரின் மகன் ஜேம்ஸ் பிப்ஸின் கையைக் கீறிப் பசு அம்மைச் சீழை ஏற்றினார். அவனுக்கு எட்டு வயது. சில வாரம் கழித்துப் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. பெரியம்மையைத் தடுக்க அந்தச் சீழையே ஏற்றுவது அந்தக் காலத்தில் வழக்கம்தான், அதனால் அவரை அரக்கனாக்க வேண்டாம். ஆனால் நான் படித்த பாடத்தில் அந்தப் பையன் கீறப்பட்ட ஒரு கையாக மட்டும்தான் வந்தான். அவன் என்ன கேட்டிருப்பான் என்று உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

பயந்துவிடுவார்களா என்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். பிள்ளைகளை உண்மை பயமுறுத்துவதைவிடப் பொய் அதிகம் பயமுறுத்துகிறது.

ஏழு வயதில் எனக்குத் தொடையில் கட்டி. "டாக்டர் சும்மா பார்க்கத்தான் போகிறார்" என்று அப்பா கூட்டிப்போனார். மேசையில் படுக்கவைத்து இரண்டு பேர் காலை அமுக்கிக்கொண்டார்கள். துண்டு போட்டு மூடியிருந்த தட்டில் ஏதோ உரசும் சத்தம். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கீறினார். புண் சீக்கிரம் ஆறிவிட்டது. 'சும்மா' என்று அப்பா எதைச் சொன்னாலும் பல வருடம் நான் நம்பவில்லை.

சிகிச்சைக்குச் சம்மதம் என்று பெரியவர்கள் கையெழுத்துப் போட்டால் சட்டத்துக்குப் பெரும்பாலும் போதும். பிள்ளைக்குப் போதாது. தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐநா குழந்தை உரிமைகள் உடன்படிக்கையே சொல்கிறது. அதற்காக "ஊசி போட்டுக்கலாமா, கண்ணு?" என்று கொஞ்சாதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடப் போகிறீர்களா? இல்லையே! அப்புறம் எதற்கு அந்தக் கேள்வி? ஏற்க முடியாத பதிலைக் கேட்டு வாங்குவதும் பொய்தான். போட்டே ஆக வேண்டும் என்றால் அதைச் சொல்லுங்கள், ஏன் என்று சொல்லுங்கள், வலிக்கும் என்றும் சொல்லுங்கள். பிறகு எந்தக் கையில் என்று கேளுங்கள். அந்தப் பதிலை மதிக்க முடியும்.

இதை எனக்குக் காட்டியவர், கட்டியைக் கீறிய மறுநாள் கட்டுப் பிரிக்க வந்த நர்ஸ். "துணி ஒட்டியிருக்கு. பிரிக்காம இருக்க முடியாது, கொஞ்சம் வலிக்கும். நான் எடுக்கட்டுமா, நீயே தண்ணி விட்டு எடுக்கிறியா?" என்றார். நானே எடுக்கிறேன் என்றேன். அவருக்கு எத்தனை வேலை இருந்திருக்கும்! நான் பஞ்சை நனைத்து நனைத்துப் பிழிந்தேன். கடைசி நூல் விடும்வரை அவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அன்புடன்.