கமாண்ட் லைன் ஆப்ஷன்களைப் புது முறைக்கு மாற்றும்போது பழையதை நீக்கிவிடலாமா?

கேட்டவரின் நிலைமை இது: பல வருடமாக ஓடும் ஒரு புரோகிராம். அதன் பெயருக்குப் பின்னால் தட்டும் ஆப்ஷன்கள் எல்லாம் ஒற்றைக் கோடும் முழுச் சொல்லுமாக ('-பிரிண்ட்' போல) இருக்கின்றன. அதை இரட்டைக் கோட்டுச் சொல், ஒற்றைக் கோட்டு எழுத்து என்ற வழக்கமான முறைக்கு மாற்றுகிறார். பழையதைத் தூக்கிவிடலாமா, இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா, நீக்குவதானால் எப்போது என்று கேட்கிறார்.

தூக்காதீர்கள். அதற்காக இரண்டையும் உள்ளே உலவ விடவும் வேண்டாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். (கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், தட்டும்போது ஆங்கிலமாக்கிக்கொள்ளுங்கள்.)

எனக்கு ஊர் காரைக்குடி. இங்கே ஒரு பலகாரக் கடைக்கு ஆர்டர் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். இரவு 11 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் 'கணக்கு -பிரிண்ட்' என்று ஓடும், மறுநாள் பட்டியல் காகிதத்தில் வரும். கணக்குப்பிள்ளை அதைக் கம்பியில் குத்திவிட்டு வீட்டுக்குப் போவார். விடிகாலை 4 மணிக்கு அடுப்படி ஆச்சி மேலே இருக்கும் தாளை உருவி, மனகோலம் இத்தனை கிலோ, தேன்குழல் இத்தனை என்று ஆரம்பிப்பார்.

புதுப் பதிப்பில் '-பிரிண்ட்' என்பதை '--பிரிண்ட்' ஆக்கினேன். கூடவே '-பி' என்று ஒரு சுருக்கம் சேர்த்தேன், எந்தப் பிரிண்டர் என்று சொல்ல. ஒற்றை எழுத்து ஆப்ஷனுக்கு மதிப்பை ஒட்டியும் எழுதலாம் என்பது கெட்ஆப்ட் (ஆப்ஷன்களைப் பிரித்துத் தரும் யூனிக்ஸின் பழைய நிரல்) காலத்திலிருந்து இருக்கும் விதி. அன்றிரவு ஸ்கிரிப்ட் பழையபடி '-பிரிண்ட்' என்றது. புரோகிராம் அதை '-பி', அதன் மதிப்பு 'ரிண்ட்' என்று பிரித்துக்கொண்டு, ரிண்ட் என்ற பிரிண்டரைத் தேடிப் போனது. அப்படி ஒன்று இல்லை என்ற செய்தியை யாருமில்லாத அறையில் திரையில் காட்டிவிட்டு நின்றது. கணக்குப்பிள்ளையும் அன்று சீக்கிரமே கிளம்பியிருந்தார்.

காலையில் ஆச்சி கையில் முந்தின நாள் தாள். மனகோலம் இரண்டாவது நாளும் 12 கிலோ தயார். சிங்கப்பூருக்குப் போகவேண்டிய சீப்புச் சீடைக்கு மாவுகூடப் பிசையவில்லை. கணக்குப்பிள்ளை போன் செய்தார். "ஆப்ஷன் மாறியிருக்குன்னு மெயில் போட்டேனே அண்ணே" என்றேன். "மெயிலு ஆச்சிக்குத் தெரியுமா தம்பி?" என்றார். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இதில் பிழை என்று ஒன்று வந்ததே என் அதிர்ஷ்டம். ரிண்ட் என்ற பெயரில் ஏதாவது இருந்திருந்தால் தப்பாகவே ஓடி முடிந்திருக்கும். பழைய ஆப்ஷன் வேலை செய்யாமல் போவதைச் சமாளிக்கலாம். அதே எழுத்து புது முறையில் வேறு பொருளோடு வேலை செய்தால்தான் வம்பு.

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையில் இந்த வம்பு வெகுகாலமாக இருக்கிறது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே அதற்குக் கோடில்லாத எழுத்துக் கொத்துதான். கொத்தில் பி, எஃப் என்று அடுத்தடுத்து இருந்தால், பின்னால் வரும் முதல் சொல் பி-க்கு, இரண்டாவது எஃப்-க்கு என்று வரிசையாகப் போகும். முன்னால் ஒரே ஒரு கோடு சேர்த்துப் பாருங்கள், ஒட்டியிருக்கும் எஃப் என்ற எழுத்தே பி-யின் மதிப்பாகிவிடும். குனு (யூனிக்ஸ் கருவிகளைப் புதிதாக எழுதித் தரும் திட்டம்) தரும் டார் இன்றும் கோடில்லாத பழையது, ஒற்றைக் கோட்டுக் குறியது, இரட்டைக் கோட்டு நெடியது மூன்றையும் ஏற்கிறது. யாரும் பழையதைப் பிடுங்கவில்லை, அதுதான் சரி.

பிடுங்கிப் பார்த்ததும் உண்டு. 'ஹெட் -5' என்று கோப்பின் முதல் 5 வரியை எடுப்பது எல்லாருக்கும் கைப்பழக்கம். யூனிக்ஸ் கட்டளைகள் எப்படி நடக்கவேண்டும் என்று வகுக்கும் போசிக்ஸ் தரம் 2001-இல் அதை விட்டுவிட்டு 'ஹெட் -என் 5' மட்டும் போதும் என்றது. குனு கருவிகளும் பின்தொடர்ந்தன, எத்தனையோ ஸ்கிரிப்ட்கள் படுத்துவிட்டன, அப்புறம் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வரிகளை அடுக்கித் தரும் சார்ட் கட்டளை இன்னும் சிக்கல். இரண்டாம் பத்தியை வைத்து அடுக்கச் சொல்லும் பழைய 'சார்ட் +1 -2' என்பதன் புது வடிவம் 'சார்ட் -கே 2,2'. பழையது பூஜ்யத்திலிருந்து எண்ணும், புதியது ஒன்றிலிருந்து. பெயரை மட்டும் மாற்றினால் ஒரு பத்தி தள்ளி அடுக்கிக் கொடுத்துவிடும், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

சரி, எப்படிச் செய்வது? செட்டிநாட்டு வீட்டில் யார் வந்தாலும் முகப்பில் நின்று விசாரணை முடிந்துதான் வளவுக்குள் போக முடியும். ஆப்ஷன்களைப் பிரிக்கும் லைப்ரரிக்கு (யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல்) முன்னால் அப்படி ஒரு முகப்புக் கட்டுங்கள். பழைய சொல், அதற்கு ஈடான புதுச் சொல் என்று ஒரு அட்டவணை. வந்த சொற்களை அதோடு ஒப்பிட்டு மாற்றிவிட்டு, மாற்றியதை மட்டும் லைப்ரரியிடம் கொடுங்கள். உள்ளே இருக்கும் நிரலுக்குப் பழைய முறை என்று ஒன்று இருந்ததே தெரியக்கூடாது. நான் முதலில் நிரலெங்கும் 'பழையதாக இருந்தால்' என்று தூவி வைத்திருந்தேன். ஆறு மாதத்தில் எனக்கே புரியவில்லை.

சொல் முழுதாகப் பொருந்தினால் மட்டும் மாற்றுங்கள். மதிப்பு எடுக்கும் ஆப்ஷன்கள் எவை என்பது முகப்புக்கும் தெரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் '--குறிப்பு' என்பதற்கு அடுத்து யாராவது '-பிரிண்ட்' என்றே எழுதினால் அதையும் மாற்றித் தொலைக்கும். தனியாக '--' வந்த இடத்தோடு ஆப்ஷன்கள் முடிந்தன என்று பொருள், அதற்குப் பின் கை வைக்க வேண்டாம்.

இரண்டு பொருள் வரக்கூடிய இடத்தில் ஊகிக்காதீர்கள். என் பழைய முறையில் 'பெயர்.கிளை' என்று புள்ளி வைத்துப் பிரிப்பேன். எங்கள் பக்கம் நகரத்தார் வீடுகளில் பெயருக்கு முன்னால் விலாசம் இருக்கும், மூன்று நான்கு முதலெழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. (புள்ளி என்றால் இங்கே கோயில் கணக்கில் ஒரு குடும்பம் என்றும் பொருள், அது வேறு கதை.) முதல் புள்ளியில் வெட்டினால் ஆளின் பெயர் ஒரே எழுத்து, கிளையின் பெயர் அவருடைய அப்பச்சி பெயரில் பாதி. கோப்பின் உரிமையாளரை மாற்றும் சவுன் கட்டளையும் ஒரு காலத்தில் பயனர், குழு இரண்டையும் புள்ளியால் பிரித்தது. பயனர் பெயரிலேயே புள்ளி வரலாம் என்பதால் போசிக்ஸ் தரம் முக்காற்புள்ளிக்கு (:) மாறியது. குனு சவுன் குழப்பமில்லாத இடத்தில் பழைய புள்ளியையும் ஏற்கிறது. நானும் முக்காற்புள்ளிக்கு மாறினேன். பழைய புள்ளி வந்தால் சரியாக ஒரே வாடிக்கையாளர் பொருந்துகிறாரா என்று பார்ப்பேன், இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

பழைய சொல் வந்தது என்று எச்சரிக்கை காட்டுவதானால் ஸ்டாண்டர்ட் எர்ரரில், அதாவது பிழைச் செய்திக்கென்று இருக்கும் தனி வழியில், காட்டுங்கள். அவுட்புட்டில் காட்டினால் அது பட்டியலின் முதல் வரியாக அச்சாகி ஆச்சியிடம் போகும். 2022-இல் கோப்பில் சொல் தேடும் குனு கிரெப் 3.8 வந்தபோது, அதன் பழைய வடிவமான ஈகிரெப் 'நான் பழையவன், கிரெப் -ஈ (பெரிய எழுத்து ஈ) பயன்படுத்து' என்று எர்ரரில் சொல்ல ஆரம்பித்தது. எர்ரரில் ஒரு வரி வந்தாலே தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் இடங்களில் அதுவும் தொல்லைதான். அதனால் எதிரே ஆள் இருக்கும் டெர்மினலில் மட்டும் எச்சரிக்கிறேன், ராத்திரி ஸ்கிரிப்டில் வாய் திறப்பதில்லை. உதவிப் பக்கத்தில் புதிய முறை மட்டும்.

இன்னொன்று. நீளச் சொல்லைச் சுருக்கித் தட்டினாலும் பல லைப்ரரிகள் ஏற்றுக்கொள்ளும். பைத்தான் மொழியோடு வரும் ஆர்க்பார்ஸ் லைப்ரரியிலும் இயல்பாகவே அப்படித்தான், பைத்தான் 3.5-இலிருந்து அதை அணைக்கலாம். அணைத்துவிடுங்கள். '--பிரி' என்று ஒருவர் எழுதிப் பழகியபின் நீங்கள் '--பிரிவு' என்று புது ஆப்ஷன் சேர்த்தால் அவர் ஸ்கிரிப்ட் அன்றே நிற்கும்.

எப்போது நீக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முகப்பில் எந்தப் பழைய சொல் எத்தனை முறை வந்தது என்று ஒரு கோப்பில் எண்ணி வைக்கிறேன். ஒரு வருடம் முழுக்க ஒருமுறைகூட வராததை எடுக்கிறேன், இதுவரை நான்கு போயிருக்கின்றன. '-பிரிண்ட்' போன மாதம் 30 இரவும் வந்திருக்கிறது. ஸ்கிரிப்டை மாற்றித் தருகிறேன் என்று கடைக்குப் போனேன். கணக்குப்பிள்ளை மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த எண்ணெய்க்கறைச் சீட்டைக் காட்டி, "ஓடுதுல்ல தம்பி?" என்றார். "ஓடுது அண்ணே" என்று சொல்லிவிட்டு, ஒரு பொட்டலம் சீடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.