துப்பாக்கி ஷோவுக்குப் போகலாமா? டாலஸ் தம்பிக்கு ஒரு பதில்

எச்-1பி விசாவில் டாலஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அலுவலக நண்பர் துப்பாக்கி ஷோவுக்கு, அதாவது ஆளுக்கொரு டேபிளை வாடகைக்கு எடுத்துத் துப்பாக்கியும் அது சார்ந்த சாமானும் விற்கிற சந்தைக்கு, கூப்பிடுகிறார். "வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் இன்னும் அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இல்லை எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டதா?" என்று கேட்டிருந்தீர்கள். பழைய பொருள் வாங்கி விற்பதில் ஆசை, நாமும் ஒரு டேபிள் போட்டால் என்ன என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்குப் பழைய ராணுவ ரைஃபிள் சேர்க்கிற பைத்தியம் உண்டு; டெக்சஸ், ஓக்லஹோமா ஷோக்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

போய்ப் பாருங்கள் தம்பி, பார்க்கத் தடை இல்லை. வாங்குகிற பேச்சு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி குற்றம். 15 வருடம் வரை சிறை, அதற்குப் பிறகு நாடு கடத்தல் வேறு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்று நண்பர் சொல்வார். அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனாலும் குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் அந்த வழியில் இறங்காதீர்கள். நான் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் முதல் ரைஃபிளையே வாங்கினேன்.

அங்கே உங்களைக் குழப்பப் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் உள்ள டீலரிடம் வாங்கினால் ஃபார்ம் 4473 என்கிற மத்திய அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும், எஃப்.பி.ஐ. நடத்துகிற பின்னணிச் சோதனையும் உண்டு. 1998-ல் இருந்து இதுதான் முறை. பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். பக்கத்து டேபிளில் தன் சொந்தத் துப்பாக்கியை விற்கிற தனி ஆளுக்கு டெக்சஸில் இந்தச் சோதனைக் கட்டாயம் கிடையாது. சோதனை இல்லை என்பதால் நீங்கள் வாங்கலாம் என்று ஆகிவிடாது. வாங்கினால் உங்கள் மேல் குற்றம். உங்கள் விசா தெரிந்தே விற்றால் அவர் மேலும் குற்றம். "என் பெயரில் வாங்குகிறேன், நீ பணம் கொடு" என்று நண்பர் பாசத்தோடு சொன்னால் இன்னும் மோசம். பினாமியாக வாங்குவதற்கென்றே 2022-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, அதற்கும் 15 வருடம் வரை.

சரி, வாங்க உரிமை உள்ளவனுக்கு லாபம் உண்டா? புதுத் துப்பாக்கிக்கு இல்லை. புது பிஸ்டல் ஷோவில் என்ன விலையோ, அநேகமாக அதே விலைதான் கடையிலும். இணையத்தில் இன்னும் குறைவாகக் கிடைத்து, ஊர் டீலர் வழியாக வரவழைக்கிற கட்டணத்தைச் சேர்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வரும். ஷோவில் நுழைவுச்சீட்டும் பார்க்கிங்கும் தண்டம். ஊர்ப்பக்கம் மாதாமாதம் நடக்கிற சின்ன ஷோக்களில் பாதி டேபிள்களில் காய்ந்த மாட்டிறைச்சி, டி-ஷர்ட், சீனக் கத்தி. அதற்காக ஒரு சனிக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

ராணுவ உபரி ரைஃபிள்கள் மலிவாகக் குவிந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. மோசின் நகான்ட் என்கிற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் 100 டாலருக்கும் கீழே போனது. பீப்பாயில் அடுக்கி வைத்து விற்பார்கள். வெளிநாட்டுக் கிடங்குகள் காலியாகி, 2014-ல் ரஷ்யத் துப்பாக்கி நிறுவனம் மீது தடை, 2021-ல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாக வந்து அந்தக் கதை முடிந்தது. இப்போது அதே ரைஃபிளுக்கு நானூறு சொல்கிறார்கள், சொல்கிறவர் முகத்தில் வெட்கமும் இல்லை.

ஆனால் பழசுக்கும் உதிரிபாகத்துக்கும் ஷோவை அடிக்க வேறு இடம் கிடையாது. நண்பரிடம் ஓக்லஹோமாவில் உள்ள துல்சா நகரத்து ஷோவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். டாலஸிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்திலும் நவம்பர் வாக்கிலும் நடக்கும். 75 அடி உயர எண்ணெய்த் தொழிலாளி சிலை வாசலில் நிற்கிற கண்காட்சிக் கூடம். உள்ளே 4,000-க்கு மேற்பட்ட டேபிள்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அங்கே ஒரு டேபிளில் நம் நாட்டு ரைஃபிள் கண்ணில் படலாம். கொல்கத்தா பக்கத்தில் இஷாப்பூர் ஆலையில் செய்த என்ஃபீல்டு, பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் வகை. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டு) பிடிக்குக் கீழே, கட்டை சேருகிற இரும்பில், ஆலையின் முத்திரையைப் பொறித்து வருடமும் போட்டிருக்கும். சுதந்திரத்துக்கு முந்தையதில் கிரீடம், பிந்தையதில் அசோகச் சிங்கம். 1960-களில் செய்த 2ஏ1 வகை பழைய .303 தோட்டா சுடாது, 7.62 நேட்டோ தோட்டாவுக்காகவே செய்தது. சிலதில் முன்கட்டையைச் சுற்றி வரிசையாகக் கம்பி கட்டியிருக்கும். அது அலங்காரமில்லை, கையெறி குண்டு எய்வதற்காகப் போட்ட கட்டு. இந்த மாதிரி ஒன்றைப் படத்தில் பார்த்து வாங்கவே கூடாது. போல்ட்டில் உள்ள எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றா, குழலுக்குள் துரு அரித்திருக்கிறதா, புதிதாகச் சாயம் பூசிப் பழசு என்று விற்கிறானா என்பதெல்லாம் நேரில்தான் தெரியும். நாஜி காலத்துச் சாமான் விற்கிற டேபிளில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள், போலி மலிந்த துறை அது.

இன்னொரு லாபம், சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு. வெடிமருந்தையும் ப்ரைமரையும் (தோட்டாவின் அடியில் வைத்து அதைப் பற்றவைக்கிற சின்ன மூடி) இணையத்தில் வாங்கினால் அபாயச் சரக்கு என்று தனிக் கட்டணம் போடுவார்கள். ஷோவில் அது மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல், கனமான தோட்டாப் பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்ற மனமில்லாமல் விலையைக் குறைக்கிற ஆட்களும் உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

பேரம் எப்படி என்று கேட்டால், நம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு நேர் எதிர். அங்கே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவோம். இங்கே தோளில் மாட்டிய ரைஃபிளின் குழலில் ஒரு குச்சியைச் செருகி, அதில் விலை எழுதிய அட்டையோடு ஆள் நடந்துகொண்டிருப்பார். நுழையும்போதே குண்டு இல்லை என்று பார்த்து பிளாஸ்டிக் பட்டை போட்டுப் பூட்டிவிடுவதால் பயப்பட ஒன்றுமில்லை.

மாநில எல்லை தாண்டிப் போவதால் இதையும் நண்பருக்குச் சொல்லிவையுங்கள். டெக்சஸ்காரர் துல்சாவில் லைசென்ஸ் உள்ள டீலரிடம் ரைஃபிள் வாங்கிக் கையோடு கொண்டுவரலாம். கைத்துப்பாக்கி என்றால் டெக்சஸ் டீலருக்கு அனுப்பித்தான் எடுக்க வேண்டும். ஓக்லஹோமா தனி ஆளிடம் நேரடியாக எந்தத் துப்பாக்கியும் வாங்கக் கூடாது.

இனி டேபிள் விஷயம். நல்ல சரக்கு கதவு திறப்பதற்கு முன்பே கை மாறிவிடும். டேபிள் போடுகிறவர்கள் முந்தின நாளே ஒருவருக்கொருவர் வாங்கி விற்றுக்கொள்வார்கள். வியாபாரிக்கு ஷோவின் உண்மையான மதிப்பு அந்த ஒரு மாலைதான் என்பது என் அபிப்பிராயம். பழைய கோல்ட், வின்செஸ்டர் கம்பெனித் துப்பாக்கிகள், ஒரே ஒரு மாடலின் உதிரிபாகம் என்று ஏதாவது ஒன்றில் கரை கண்டவர்கள் இன்றும் சம்பாதிக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்திருப்பவருக்கு வாடகையும் ஹோட்டலும் கட்டுப்படியாகாது. லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப வாங்கி விற்றால் லைசென்ஸ் வேண்டும். அந்த வரையறையையும் 2022-ல் இறுக்கிவிட்டார்கள்.

உங்களுக்கோ அதற்கு முன்பே கதவு மூடிவிடுகிறது தம்பி. எச்-1பியில் இருந்துகொண்டு டேபிள் போட்டு வியாபாரம் செய்தால், அது துப்பாக்கியாக வேண்டாம், நாணயமோ பழைய புத்தகமோ ஆனாலும், அனுமதி இல்லாத வேலை என்று ஆகிவிடும். நண்பரின் டேபிளில் சம்பளத்துக்கு நிற்பதும் அப்படித்தான். உங்களுக்காக வாங்கிச் சேர்ப்பதில் தப்பில்லை. பழைய ராணுவப் பதக்கம், வரைபடம், தோல் உறை, கையேடு என்று அங்கே துப்பாக்கியல்லாத நல்ல சரக்கு நிறைய உண்டு. கண்ணைப் பழக்குங்கள்.

போகும்போது வெறும் கையோடு போங்கள், ஊருக்கு எடுத்துப்போகிற முதுகுப்பை வேண்டவே வேண்டாம். அதன் மூலையில் ஒரு தோட்டா தங்கிப்போய்ச் சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு. விடுமுறை முழுக்கக் காவல் நிலையமும் வக்கீலும்தான். துல்சாவில் ஷோ வாரம் அறை கிடைப்பது கஷ்டம், நண்பரிடம் இப்போதே போடச் சொல்லுங்கள்.